எஃப்-150 பிக்கப்புக்கு எந்த எஞ்சின்: டர்போ வி6-ஆ, டர்போ இல்லாத வி8-ஆ?

ஃபோர்டு எஃப்-150 வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் இருக்கையையும் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். எஞ்சின் என்ற கட்டத்துக்கு வந்ததும் வாரக்கணக்கில் தயங்குகிறார்கள். தயங்குவதில் நியாயம் உண்டு. 2021-இல் வந்த தலைமுறையில், ஈகோபூஸ்ட் என்று ஃபோர்டு பெயரிட்டிருக்கும் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6-க்கும், டர்போ இல்லாமல் தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் 5.0 லிட்டர் வி8-க்கும் நிறுவனம் ஒரே 400 குதிரைத்திறனைத்தான் குறிப்பிடுகிறது. அந்தத் திறன் கிடைப்பதும் இரண்டிலும் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடும்போதுதான். பத்து கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் இரண்டுக்கும் பொது. காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும் இந்த இரண்டும், டிரெய்லரைப் பூட்டி மலை ஏறும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல நடந்துகொள்கின்றன.

நான் ஓட்டுவது ஈகோபூஸ்ட்; என் மைத்துனரிடம் இருப்பது அதே தலைமுறை வி8. இருவரும் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வசிக்கிறோம், இரு குடும்பமும் சேர்ந்து வாங்கிய ஒரு கேம்பர் டிரெய்லரை இரண்டு வண்டியிலும் மாற்றி மாற்றி இழுத்திருக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரமான ஊர்களில் சுமை இழுப்பவர் டர்போவைத்தான் வாங்க வேண்டும். சமவெளியில், பெரும்பாலும் சுமை இல்லாமல் ஓட்டி, வண்டியை நெடுங்காலம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு வி8 போதும், அதுவே நல்லதும்கூட. பெட்ரோல் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக 3.5 ஈகோபூஸ்டை வாங்குபவர் மட்டும் ஏமாந்துபோவார்.

குதிரைத்திறன் சமமாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதற்கு முறுக்கு விசையை, அதாவது எஞ்சின் தன் தண்டைத் திருகும் வலுவைப் பார்க்க வேண்டும். வி8 தருவது 410 பவுண்டு-அடி, அதுவும் 4,250 சுழற்சியில். ஈகோபூஸ்ட் தருவது 500 பவுண்டு-அடி, 3,100 சுழற்சியிலேயே. சுமை இழுக்கும் வண்டியில் அந்த 90 பவுண்டு-அடி கூடுதலைவிட, அது எந்தச் சுழற்சியில் கைக்கு வருகிறது என்பதே முக்கியம். டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் நுழையும் சரிவுப்பாதையில் மிதியைப் பாதி அழுத்தினாலே ஈகோபூஸ்ட் எந்த ஆரவாரமும் இன்றி வண்டியை முன்னே தள்ளிவிடுகிறது. வி8 அதே வேலையைச் செய்யாமல் இல்லை; ஆனால் கியர்பெட்டி இரண்டு மூன்று கியர் கீழே இறங்கி, எஞ்சின் ஓங்கிக் குரல் கொடுத்த பிறகே செய்கிறது. அந்தக் குரலைக் கேட்டு எஞ்சின் திணறுகிறது என்று பயப்படுபவர்கள் உண்டு. உண்மையில் அது திணறல் அன்று. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் முழுத்திறனை உயர்ந்த சுழற்சியில்தான் வைத்திருக்கிறது, அங்கே போனால்தான் அது கிடைக்கும்.

கடல் மட்டத்தில் இருப்பவருக்கு இந்த ஒப்பீடு இத்துடன் முடிந்துவிடலாம். டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து மேற்கே போகும் 70-ஆம் எண் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,000 அடிக்கு மேல் ஏறிவிடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துபோகிறது. தானாகக் காற்றை இழுக்கும் எஞ்சின் வெளியே என்ன காற்று இருக்கிறதோ அதை மட்டுமே நம்பியிருப்பதால், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு திறனை இழக்கிறது என்பது நெடுங்காலமாக மெக்கானிக்குகள் கையாளும் கணக்கு. அந்தக் கணக்குப்படி, 400 குதிரைத்திறன் என்று சொல்லி விற்கப்பட்ட வி8, டென்வரில் என் மைத்துனர் வீட்டு வாசலில் நிற்கும்போதே 335-ஐ ஒட்டிய எஞ்சின்தான். சுரங்கப்பாதையின் வாயிலை அடையும்போது அது 270-ஐ ஒட்டியதாகச் சுருங்கிவிடுகிறது. வண்டிக்கு அதிகத் திறன் தேவைப்படும் இடமும் அதுவே என்பதுதான் சங்கடம்.

டர்போ இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் பொருத்தப்பட்ட மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் தேவைக்கு மேல் போகாதபடி, புகையில் ஒரு பகுதியை டர்போவைச் சுற்றித் திருப்பிவிட ஒரு வால்வு இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் எஞ்சினின் கணினி அந்த வால்வை இன்னும் சற்று மூடி வைக்க, டர்போ முன்னைவிட வேகமாகச் சுழன்று பழைய அழுத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது: கூடுதலாக அழுத்தப்பட்ட காற்று கூடுதலாகச் சூடேறுகிறது, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் மெலிந்த காற்றுதான் கிடைக்கிறது. ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் உணரும் வித்தியாசம் சிறிது. 6,500 பவுண்டு எடையுள்ள எங்கள் டிரெய்லரோடு ஜார்ஜ்டவுன் ஊரைத் தாண்டி ஏறும்போது என் வண்டி 3,000 சுழற்சிக்குச் சற்று மேலே நின்று, நான் கேட்ட வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அதே ஏற்றத்தில், அதே டிரெய்லரோடு, மைத்துனரின் வி8 5,000 சுழற்சிக்குப் பக்கத்தில் ஓலமிட்டபடி, வலப்புறத் தடத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஏறுகிறது. ஏறிவிடுகிறது, அதில் குறையில்லை. ஆனால் ஓட்டுபவருக்கு அன்றைய பயணம் பாதியிலேயே அலுத்துவிடுகிறது.

உயரத்தோடு தொடர்புடைய இன்னொரு செய்தி பெட்ரோல் பங்கில் காத்திருக்கிறது. கொலராடோவில் சாதாரணப் பெட்ரோல் என்று விற்கப்படுவது 85 ஆக்டேன்; பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து எஞ்சினைத் தட்ட வைக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணப் பெட்ரோல் 87. கார்புரேட்டர் காலத்து எஞ்சின்கள் உயரத்தில் குறைந்த காற்றை இழுத்ததால் உருளைக்குள் அழுத்தமும் குறைந்திருந்தது, ஆகவே குறைந்த ஆக்டேனே போதும் என்று ஏற்பட்ட பழக்கம் இது. வெளிக்காற்றின் குறைவை ஈடுகட்டுவதையே தொழிலாகக் கொண்ட டர்போ எஞ்சினுக்கு இந்த நியாயம் பொருந்தவே பொருந்தாது. ஃபோர்டின் கையேடு 87-க்குக் குறைந்த பெட்ரோலை எந்த எஞ்சினுக்கும் பரிந்துரைப்பதில்லை. பங்கில் மூன்று பொத்தான்களில் மலிவானதை அழுத்திப் பழகிய கை இந்த வண்டிக்கு நடுப்பொத்தானைத் தேட வேண்டியிருக்கிறது. கோடையில் டிரெய்லர் இழுக்கும் நாட்களில் நான் மூன்றாவதையே அழுத்துகிறேன். காரணம், தரம் குறைந்த பெட்ரோலில் எஞ்சின் தட்டத் தொடங்குவதை உணரும் கணினி, தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றுகிறது. அப்படிக் காப்பாற்றும்போது நாம் காசு கொடுத்து வாங்கிய திறனில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ஏற்றத்தில் தோற்ற வி8, இறக்கத்தில் பழி தீர்த்துக்கொள்கிறது. சுரங்கத்தைக் கடந்து சில்வர்தார்ன் நோக்கி இறங்கும் சாலையின் சரிவு 7 விழுக்காடு வரை இருக்கிறது. இழுவை முறையில் வைத்துவிட்டு பிரேக்கை ஒருமுறை தொட்டால், கியர்பெட்டி தானாகவே கீழ்கியருக்கு வந்து எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். இங்கே வேலை செய்வது எஞ்சினின் கொள்ளளவு. 5 லிட்டர் எஞ்சினுக்கு இருக்கும் பிடி 3.5 லிட்டருக்கு இல்லை, இறங்கும்போது டர்போவால் எந்தப் பயனும் இல்லை. என் வண்டியில் நான் இன்னும் ஒரு கியர் கீழே இறக்கி, இடையிடையே பிரேக்கையும் அழுத்தி விட வேண்டியிருக்கிறது. டிரெய்லரின் பிரேக்கைச் சரியாக அமைத்துக்கொண்டால் இது ஆபத்தில்லை. ஆனால் விற்பனையாளர்கள் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இறக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பெட்ரோல் செலவைப் பற்றிய நம்பிக்கையைச் சற்றுக் கலைக்க வேண்டியிருக்கிறது. பின்சக்கரம் மட்டும் இயங்கும் 3.5 ஈகோபூஸ்டுக்கு அமெரிக்க அரசின் சோதனை எண், காலனுக்கு நகரில் 18 மைல், நெடுஞ்சாலையில் 24 மைல். வி8 இதற்கு ஒன்றிரண்டு மைலுக்குள்தான் நிற்கிறது. சிறிய எஞ்சின் மெதுவாக ஓட்டும்போது காற்றை இழுக்க வீணாக்கும் ஆற்றல் குறைவு என்பது உண்மை. ஆனால் 2021-இலிருந்து வி8-உம் தேவையில்லாதபோது தன் உருளைகளில் சிலவற்றை உறங்க வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டதால், அந்த ஆதாயம் மேலும் மெலிந்துபோயிற்று. டிரெய்லர் பூட்டியதும் கணக்கு முற்றிலும் மாறுகிறது. சுமையை மலையேற்றத் தேவையான ஆற்றல் எந்த எஞ்சினிலும் அதே பெட்ரோலிலிருந்துதான் வர வேண்டும். போதாக்குறைக்கு, டர்போவின் சக்கரத்தைத் தாக்கும் புகை அளவுக்கு மீறிச் சூடேறாமல் இருக்க, கடும் சுமையில் கணினி தேவைக்கு அதிகமான பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்கிறது. எங்கள் இரண்டு வண்டியும் டிரெய்லரோடு காலனுக்குப் பத்து மைலை ஒட்டியே தருகின்றன. எது முந்துகிறது என்பதை அன்றைய எதிர்க்காற்றுதான் முடிவு செய்கிறது. உண்மையாகவே மிச்சம் பிடிக்க விரும்புபவர் 2.7 லிட்டர் ஈகோபூஸ்டைப் பார்க்கலாம். 325 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடியும் கொண்ட அந்தச் சிறிய டர்போ, அதே சோதனையில் 20-உம் 26-உம் காட்டுகிறது. வாரக்கடைசியில் படகோ, புல்வெட்டும் இயந்திரமோ ஏற்றிப் போவதைத் தாண்டாதவருக்கு 3.5-உம் வேண்டாம், வி8-உம் வேண்டாம்.

இழுவைத் திறனுக்கு விளம்பரத்தில் காட்டும் எண்களைப் பற்றியும் ஒரு சொல். 2021 மாதிரியில் 3.5-க்கு 14,000 பவுண்டு, வி8-க்கு 13,000 பவுண்டு என்று சொல்லப்பட்டவை, அதற்கென்றே தனியாகத் தேர்ந்தெடுத்த உபகரணங்களோடு கூடிய வண்டிக்கு உரியவை. கடையில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் படியுங்கள்; பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின் மேல் அமர்கிறது. எங்கள் டிரெய்லருக்கு அதுவே 800 பவுண்டு அளவுக்கு வந்துவிடுகிறது. பெரியவர் நால்வரும் சாமான்களும் ஏறியபின், எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்ற கேள்வி எழும்புவதற்கு முன்பே சீட்டில் உள்ள எண் முடிந்துபோகும். இந்த விஷயத்தில் இரண்டு எஞ்சினுக்கும் வெற்றி தோல்வி இல்லை.

எது நீடித்து உழைக்கும் என்ற கேள்வியில்தான் மிக அதிகமான கட்டுக்கதைகள் உலவுகின்றன. நம் ஊரில் டர்போ என்ற சொல் லாரியின் முதுகில் பார்த்துப் பழகியது. அந்த டீசல் எஞ்சின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதைப் பார்த்தவர்கள் பெட்ரோல் டர்போவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். டீசலில் காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது, எரிபொருள் கடைசி நொடியில்தான் தெளிக்கப்படுகிறது. அதனால் எவ்வளவு காற்றைத் திணித்தாலும் நேரம் தப்பி வெடிக்கும் கவலை இல்லை, வெளியேறும் புகையின் சூடும் குறைவு. பெட்ரோல் எஞ்சினில் இரண்டுமே தலைவலி. அதனால்தான் உருளைக்குள் எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதம் வி8-இல் 12-க்கு 1 என்று இருக்க, ஈகோபூஸ்ட் 10.5-க்கு 1 என்று அடக்கி வாசிக்கிறது. இரண்டு டர்போ, அவற்றுக்கு எண்ணெயும் குளிர்நீரும் கொண்டுபோகும் குழாய்கள், இன்டர்கூலர், வால்வுகள் என்று கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் அதில் அதிகம் என்பதை மறுக்க முடியாது. வண்டியின் எண்ணெய்க் கணக்கு மானி 10,000 மைல் வரைகூடப் பொறுத்திருக்கச் சொல்லும். டர்போ எஞ்சினில் அதில் பாதியிலேயே நான் எண்ணெயை மாற்றிவிடுகிறேன், சுமை இழுப்பவர் யாராக இருந்தாலும் அப்படியே செய்யச் சொல்வேன்.

ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் என்றாலே பழுதில்லாத எஞ்சின் என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. 2011-இல் எஃப்-150-க்கு வந்த முதல் ஈகோபூஸ்டுகளில், ஈரப்பதம் மிகுந்த வானிலையில் இன்டர்கூலருக்குள் நீர் தேங்கி, திடீரென்று மிதியை அழுத்தும்போது எஞ்சின் தடுமாறியதாகப் புகார்கள் எழுந்தன. 2017-இல் வந்த இரண்டாம் தலைமுறையில், வால்வுகளின் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர் என்ற பாகம் தேய்ந்து, குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது சில நொடிகள் தகரப் பெட்டியில் ஆணியைக் குலுக்குவது போன்ற சத்தம் எழுப்பியது; அதைச் சரிசெய்ய ஃபோர்டு தனித் திட்டமே அறிவிக்க நேர்ந்தது. இதே காலத்தில் வி8-உம் நிம்மதியாக இல்லை. 2018 முதல் வந்த 5.0 எஞ்சின்கள் எண்ணெயைக் குடிப்பதாகப் புகார் குவிந்தபோது, நிறுவனம் கணினியின் கட்டளைகளைத் திருத்தியதோடு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியையும், இரு கோடுகளுக்கு இடையே தூரம் கூடிய வேறு கம்பியாக மாற்றித் தந்தது. அந்தத் தீர்வில் இருந்த நகைச்சுவையை வி8 வைத்திருப்பவர்கள் யாரும் ரசித்ததாகத் தெரியவில்லை.

மற்ற நிறுவனங்களைப் பார்த்தாலும் இதே பாடம்தான். டொயோட்டா, டண்ட்ரா பிக்கப்பில் நெடுநாள் நற்பெயர் பெற்றிருந்த 5.7 லிட்டர் வி8-ஐக் கைவிட்டு 2022-இல் இரட்டை டர்போ வி6-க்கு மாறியது. எஞ்சினைத் தயாரிக்கும்போது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்களால் 2024-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. டர்போவே இதற்குக் காரணம் என்று சொல்லிக் கொண்டாடியவர்கள், 2025-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் டர்போ இல்லாத வி8 பொருத்திய சுமார் ஆறு லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தபோது மௌனமாகிவிட்டார்கள். அங்கே பழுது கிராங்க் தண்டிலும் அதோடு இணையும் கம்பிகளிலும் இருந்தது. முதல் நிகழ்வில் டர்போவுக்கும், இரண்டாவதில் டர்போ இல்லாமைக்கும் எந்தப் பங்கும் இல்லை. இரண்டும் தொழிற்சாலைத் தவறுகள். ராம் நிறுவனத்தின் கதை வேறு வகை: 2025 மாதிரி 1500 பிக்கப்பில் ஹெமி என்ற வி8-ஐ நீக்கி, அதன் இடத்தில் இரட்டை டர்போ கொண்ட ஆறு உருளை எஞ்சினை வைத்தது. காகிதத்தில் புதியதே வலுவானது. ஆனாலும் வாடிக்கையாளர்கள் ஒத்துக்கொள்ளாததால் 2026 மாதிரிக்கு ஹெமியைத் திரும்பக் கொண்டுவந்தது. பிக்கப் வாங்குகிறவர்களை எண்களால் மட்டும் மசிய வைக்க முடியாது.

சத்தத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வி8-இன் ஓசை இனிமையானது, ஈகோபூஸ்டின் ஓசைக்கு வண்டியின் ஒலிபெருக்கிகள் உதவி செய்கின்றன. இதற்காக எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவரோடு வாதிட எனக்கு விருப்பமில்லை, அவரவர் காது.

இரண்டு எஞ்சினுக்கும் இடையே இருந்த ஒரு பழைய வேறுபாடு இப்போது அழிந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோலை நேரடியாக உருளைக்குள் மட்டும் தெளித்த பழைய ஈகோபூஸ்டில், உள்ளிழுக்கும் வால்வுகளைக் கழுவ எதுவும் இல்லாமல் கரி படிந்தது. 2017-இலிருந்து அந்த எஞ்சினும், 2018-இலிருந்து வி8-உம் வால்வுக்கு முன்னாலும் உருளைக்குள்ளும் என இரு இடத்திலும் தெளிக்கின்றன. ஆகவே டர்போ என்றால் கரி படியும் என்று இன்றும் சொல்பவர் பத்தாண்டுக்கு முந்தைய வண்டியைப் பற்றிப் பேசுகிறார்.

பழைய வண்டி தேடுபவர் 2017-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட 3.5-ஐப் பார்க்கப் போனால், காலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினை இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முன்மூடியின் மேல் கை வைத்து அது குளிர்ந்திருப்பதை உறுதி செய்த பிறகு, உங்கள் காதை வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு அவரையே இயக்கச் சொல்லுங்கள். கேம் ஃபேசர் மாற்றியதற்கான பில் இருந்தால் அது வண்டியின் விலையைக் கூட்டும் காகிதம், தயங்காமல் கொடுக்கலாம். 2018 முதல் 2020 வரையிலான வி8 என்றால் எண்ணெய்க் கம்பியை வெளியே எடுத்து, கடைசியாக எண்ணெய் மாற்றிய மைல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி வழியிலேயே அளவு கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.